சிம்கோ ஏரியில் ஐஸ் ஃபிஷிங்: டின் இறைச்சி, டின்மீன், கொறிக்க என்ன கொண்டுபோகலாம்?

தூண்டில்காரன் (ஸ்காபரோ)

வணக்கம். வருகிற சனிக்கிழமை இங்கே கனடாவில் சிம்கோ ஏரிக்கு ஐஸ் ஃபிஷிங் (உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது) போகிறோம். ஆறு பேர். எனக்கு இரண்டாவது தடவை, மற்றவர்களுக்கு முதல் தடவை. ஜோர்ஜினா பக்கம் ஒரு ஹட் (ஏரிப் பனிமேல் வைக்கிற குடில்) வாடகைக்கு எடுத்தாயிற்று. ஹீட்டர், பெஞ்ச், பனியில் துளை, தூண்டில், இரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. சாப்பாடு என் பொறுப்பு.

போன வருடம் கொத்து ரொட்டி வாங்கிப் போனோம். பையை ஹட்டுக்கு வெளியே சறுக்கு வண்டியிலேயே விட்டுவிட்டோம். மதியம் பெட்டியைத் திறந்தால் கரண்டி உள்ளே இறங்கவில்லை. துளை போடுகிற ஆகரைத்தான் கேட்க வேண்டும் போல இருந்தது.

அதனால் இந்தத் தடவை டின் சாமான் என்று முடிவு. கடையில் ஸ்பாம், கிளிக் (இரண்டும் பன்றி இறைச்சி டின்), வியன்னா சாசேஜ், கோர்ன்ட் பீஃப், சார்டின், ஜக் மக்கரல் என்று ஒரு வரிசையே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஒருவர் மாடு தொடமாட்டார். ஒருவர் முஸ்லிம் நண்பர், பன்றி கிடையாது. மாமாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம், சனிக்கிழமை சைவம். அப்படியானால் எதற்கு மீன் பிடிக்க வருகிறீர்கள் என்று கேட்டேன். "பிடிக்கிறதுக்கு விரதம் இல்லை" என்கிறார்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெளுத்தி (அலபாமா)

எனக்கு ஐஸ் பற்றித் தெரியாது தம்பி. இங்கே ஜனவரியிலும் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் டின் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. பத்து வருடமாக அலுவலக நண்பர்களோடு கெளுத்தி பிடிக்கப் போகிறேன். இவர்களுடைய படகுச் சாப்பாடு மாறவே மாறாது: வியன்னா சாசேஜ், கடுகு சாஸில் போட்ட சார்டின், சால்டின் பிஸ்கட், ஒரு பாட்டில் ஹாட் சாஸ். பாட்டெட் மீட் என்று குழைத்த இறைச்சி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

வியன்னா டின்னில் ஏழு துண்டு இருக்கும். ஆறு சுற்றி நிற்கும், ஒன்று நடுவில். இறுக்கமாக அடைத்திருப்பதால் ஓரத்தில் உள்ளதை முதலில் எடுக்கப் போனால் பிய்ந்துவிடும். நடுவில் உள்ளதை மீன்கத்தியின் நுனியால் குத்தி இழுத்துவிட்டால் மற்றவை தளர்ந்துவிடும். முதல் பயணத்தில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான். முடிச்சுப் போடக் கற்றுத் தந்தது அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, இந்த ஊர் ஆட்கள் பச்சை நிலக்கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக அவித்துச் சாப்பிடுகிறார்கள். சாலையோரம் பெரிய அண்டாவில் வைத்து விற்கிறார்கள். ஜோர்ஜியாவைத் தாண்டினால் வரும் தென் கரோலினாவில் 2006இல் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வ தின்பண்டமாகவே சட்டம் போட்டு அறிவித்துவிட்டார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு அவித்த கடலைதான், கொஞ்சம் உப்பு கூட. முதல் தடவை ஒருவர் படகில் எனக்கு நீட்டியபோது கண் கலங்கிவிட்டது என்றால் மிகை. ஆனால் முழுப் பையையும் நானே தின்றேன். உங்கள் மாமாவுக்கு அவித்த கடலை கொடுங்கள். சூடாக ஃப்ளாஸ்கில் போட்டால் நிற்கும்.

பனங்கிழங்கு (மார்க்கம்)

தம்பி, ஆறு பேருக்கு ஆறு விதமாக ரின் வாங்கிச் சுமக்காதேங்கோ. மீன் ரின் இரண்டு போதும். அது மாட்டுக்கும் பன்றிக்கும் நடுவில் ஒருவருக்கும் வில்லங்கம் இல்லாத சாமான்.

ஊரில் கறிக்கு ஒன்றும் இல்லாத நாளில், விருந்தாளி சொல்லாமல் வந்த நாளில் எல்லாம் கைகொடுத்தது மீன் ரின்தான். வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் மிளகுத்தூள். அடுப்பே வேண்டாம், பிசைந்து பாணுக்குள் வைத்தால் சரி.

கொறிக்க: பருத்தித்துறை வடை. உழுந்தும் மாவும் தட்டையாகத் தட்டி நன்றாகப் பொரிப்பதால் ஈரமே இல்லை. காற்றுப் படாமல் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும், உறைவதற்கு அதற்குள் ஒன்றும் கிடையாது. புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கிடைத்தால் அதுவும் கொண்டுபோங்கோ. ஒரு துண்டை வாயில் போட்டால் அரை மணித்தியாலம் பேச்சு வராது. மீன் பிடிக்க அதுதானே வேண்டும்.

கெளுத்தி (அலபாமா)

ரின்னா, டின்னா ஐயா?

பனங்கிழங்கு (மார்க்கம்)

நாங்கள் எழுதுவது ரின். திறந்தால் இரண்டுக்குள்ளும் ஒரே மீன்தான்.

ஆய்வுக்கூடம் (வாட்டர்லூ)

உணவுத் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறேன், அதனால் ஒரு எச்சரிக்கை. கொத்து ரொட்டிக்கு நேர்ந்தது டின்னுக்கும் நேரும். டின் என்றால் எங்கே வைத்தாலும் கெடாது என்று எல்லோரும் நினைக்கிறோம். கனடா குளிருக்கு அது சரியில்லை.

டின்னுக்குள் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர். வெள்ளிக்கிழமை இரவே சாமானைக் காரில் ஏற்றிவிட்டுத் தூங்கினீர்கள் என்றால், காலை மைனஸ் 15இல் அது உறைந்திருக்கும். தண்ணீர் உறைந்தால் விரியும். டின் மூடி உப்பும், அதைவிட மோசமாக ஓரத்து மடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுக்கொடுக்கும். உப்பியது குளிரால்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மெதுவாக உருகவிட்டு அப்புறம் திறக்கலாம். மடிப்பு பிரிந்திருந்தால், துருப்பிடித்திருந்தால், கசிந்திருந்தால் நேராகக் குப்பைக்கு. வாசனையோ நிறமோ வித்தியாசமாக இருந்தாலும் குப்பைதான். ருசி பார்த்து முடிவு செய்கிற வேலை மட்டும் வேண்டாம். உறையாமலே உப்பியிருந்தால் பேச்சே இல்லை.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்குகிற கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அதனால்தான் இறைச்சி, மீன் டின்களை மூடிய பிறகு அழுத்தத்தில் 121 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். ஸ்பாம் வெந்த பிறகு டின்னில் போடப்படுவதில்லை, டின்னுக்குள்ளேயே வேகிறது. அதில் சேர்க்கும் நைட்ரைட்டுக்கு இரண்டு வேலை: இந்தக் கிருமியைத் தடுப்பது, இறைச்சியின் இளஞ்சிவப்பைக் காப்பது. அந்த மடிப்பு பிரிந்துவிட்டால் இத்தனை ஏற்பாடும் வீண்.

அப்புறம் சூடாக்குவது. மூடிய டின்னை ஹீட்டர் மேலோ அடுப்பிலோ வைக்காதீர்கள், வெடிக்கும். திறந்த டின்னையும் நேராகத் தீயில் வைக்க வேண்டாம். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சின்னப் பாத்திரம் ஒன்று கொண்டுபோங்கள். ஹட்டுக்குள் காஸ் அடுப்பு எரித்தால் காற்றுத் துவாரத்தைத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஒரு டின் ஓப்பனரும் வையுங்கள். வளைய மூடி குளிரில் விறைத்த விரலுக்கு அவ்வளவு சுலபமாக வராது, சில நேரம் வளையம் மட்டும் கையோடு வந்துவிடும். டின்னுக்குக் காப்புரிமை இங்கிலாந்தில் 1810இல் எடுத்தார்கள். அதைத் திறக்க ஒழுங்கான கருவி வந்தது 1850களில். நடுவில் நாற்பது வருடம் உளியும் சுத்தியலும்தான். உங்கள் ஹட்டில் அந்த நிலைமை வேண்டாம்.

மான்கொம்பு (சட்பரி)

நல்ல பதிவு. நான் மீனைவிட மான் வேட்டை ஆள். உரிமத்தோடு, ஆரஞ்சுச் சட்டையோடு, ஒவ்வொரு நவம்பரும். ஊரில் இருந்து படிப்பவர்கள் பதறவேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம், இங்கே அது உரிமமும் பருவமும் கணக்கும் வைத்து நடக்கிற காரியம்.

வேட்டையில் டின்னின் பிரச்சினை வேறு. முதலாவது சத்தம். மரத்தின் மேல் கட்டிய பரணில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள், அந்தச் சரசரப்பு பக்கத்துக் கவுண்டிக்கே கேட்கும். நான் முதல் வருடம் முறுக்கு கடித்தேன். கடித்த சத்தமும் மான் தலையைத் தூக்கியதும் ஒரே நொடி. அன்றிலிருந்து துணிப்பையில் பேரீச்சை, வேர்க்கடலை, மெதுவான எள்ளுருண்டை. வேறு எதுவும் மேலே ஏறாது.

இரண்டாவது வாசனை. சார்டின் எண்ணெய் கையுறையில் பட்டால் அந்தப் பருவம் முழுக்கப் போகாது. மானுக்குச் சார்டின் வாசனை பயமா இல்லையா என்று எங்கள் முகாமில் ஐந்து வருடமாகச் சண்டை நடக்கிறது. கரடிக்குப் பயமில்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. கரடி தூங்கப் போகாத மாதங்களில் காலி டின்னைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கோடைக்கு ஒரு குறிப்பு. அல்கொன்குவின் பூங்காவின் உள்பகுதிக்குத் துடுப்புப் படகில் போவதாக இருந்தால் டின்னும் கண்ணாடிப் புட்டியும் தடை. அமெரிக்கப் பக்கம் மினசோட்டாவில் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காட்டிலும் அதே விதி. ஸ்பாம் 1937இல் பிறந்தது அதே மினசோட்டாவின் ஆஸ்டின் நகரில். அங்கே அதற்கு அருங்காட்சியகம்கூட இருக்கிறது. அந்த மாநிலத்துக் காட்டுக்குள்ளேயே அதன் டின் போக முடியாது. அந்த மாதிரி இடத்துக்குப் பையில் அடைத்த டூனா மீன்தான்.

கடலோடி (கன்னியாகுமரி மாவட்டம்)

இழையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் மீன் பிடிக்க இவ்வளவு ஆராய்ச்சியா!

எங்கள் பக்கம் தூத்தூர் விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம், சில தடவை அதற்கு மேலும் ஆகும். அரிசி, பருப்பு, தேங்காய், மிளகாய்த்தூள், புளி, வெங்காயம், காஸ் சிலிண்டர், தண்ணீர் டாங்கி. டின் என்ற பேச்சே இல்லை. படகிலேயே ஒருவர் சமைப்பார், குழம்புக்கு மீன் கீழே கடலில் இருக்கிறது. மீன் கிடைக்காத நாளுக்குக் கருவாடு. டின்மீனை வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவர்களை இங்கேதான் முதலில் பார்க்கிறேன்.

இறைச்சிதான் வேண்டும் என்றால் உப்புக்கண்டம் என்று ஒன்று இருக்கிறது, மறந்துவிட்டீர்களா? ஆட்டிறைச்சியை வார் வாராகக் கிழித்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்து நல்ல வெயிலில் காயப்போடுவது. எண்ணெயில் பொரித்தால் அதற்கு ஈடு இல்லை.

மான்கொம்பு (சட்பரி)

கடலோடி அண்ணா, உப்புக்கண்டம் என்றதும் வாயூறுகிறது. ஆனால் ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அதே யோசனை இந்த மண்ணிலும் உண்டு. பெம்மிகன் என்று பெயர். காட்டெருமை இறைச்சியைக் காயவைத்துப் பொடித்து, உருக்கிய கொழுப்போடும் காட்டுப் பழத்தோடும் கலந்து தோல் பையில் அடைத்துவிடுவார்கள். பூர்வகுடிகளும், பூர்வகுடி ஐரோப்பியக் கலப்பில் வந்த மெத்திகளும் செய்தது. ரோமத் தோல் வணிகத்துப் படகுகள் எல்லாம் அதில்தான் ஓடின. 1814இல் ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் பெம்மிகனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதிலிருந்து பெரிய மோதலே கிளம்பியது. வழிச்சாப்பாட்டுக்காகச் சண்டை போட்ட நாடு இது.

கிராமுக்குக் கிராம் பார்த்தால் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. குளிரில் மூன்று மணிக்கு எல்லோரும் கேக்கை விட்டுவிட்டுச் சாசேஜைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கெனிர் வாசி (மலேசியா)

தூண்டில்காரன், உங்கள் முஸ்லிம் நண்பருக்கு ஒரு வழி: ஹலால் சிக்கன் லஞ்சன் மீட். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், அங்கேயும் ஆசியக் கடையில் தேடிப் பாருங்கள். கெனிர் ஏரியில் படகு வீட்டில் தோமான் (விரால் இன மீன்) பிடிக்கப் போகும்போது அதைத் துண்டு போட்டு முறுகலாக வறுத்துச் சோற்றோடு சாப்பிடுவோம். தக்காளி சாஸ் சார்டினில் வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சம்பால். காலையில் ரொட்டிக்கு அதே சம்பால். மத்தியானம் மீன் கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே சம்பால்.

இங்கே பிரபலமான சார்டின் ஆயாம் பிராண்ட். ஆயாம் என்றால் மலாய் மொழியில் கோழி. 1892இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, சின்னத்தில் சேவல் இருந்ததால் மக்கள் வைத்த பெயர். கோழி என்று நினைத்து மாமாவின் நண்பர்கள் யாராவது வாங்கிவிடப் போகிறார்கள், உள்ளே மீன்தான்.

முருங்கைக்கீரை (மிசிசாகா)

இத்தனை ஆண்கள் சேர்ந்து ஒரு டின்னை எங்கே திறப்பது, எப்படித் திறப்பது என்று பேசுகிறீர்கள். வீட்டில் திறக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

425 கிராம் மக்கரல் டின் ஒன்று. தண்ணீரை வடித்து நடுமுள்ளை எடுத்துவிடுங்கள். மூன்று உருளைக்கிழங்கு அவித்து மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை பொடியாக வெட்டி வதக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு, தேசிக்காய் பிழிந்து பிசையுங்கள். உருண்டை பிடித்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தால் இருபது கட்லட் வரும். வாயகன்ற ஃப்ளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, துடைத்து, சூட்டோடு அடுக்குங்கள். கையுறையைக் கழற்றாமலே சாப்பிடலாம். கத்தி வேண்டாம், தட்டு வேண்டாம், கசிகிற எண்ணெய் வேண்டாம், குப்பையும் இல்லை.

மாமாவுக்கு இன்னொரு ஃப்ளாஸ்கில் புளியோதரை. கூடவே பொரிவிளாங்காய் உருண்டை நான் செய்து தருகிறேன். பாசிப்பயறும் வெல்லமும் சுக்கும். அந்தக் காலத்தில் வண்டி கட்டி யாத்திரை போனவர்கள் வாரக்கணக்கில் வைத்திருந்து சாப்பிட்டது.

ஆய்வுக்கூடம் (வாட்டர்லூ)

அக்கா சொல்வது சரி, ஒரு திருத்தம். பொரித்தவுடன் கொதிக்கக் கொதிக்க மூடினால் ஆவி இறங்கி நொதநொதத்துவிடும். ரெண்டு நிமிடம் ஆற விட்டு, அடியில் காகிதத் துண்டு போட்டு அடுக்குங்கள். அதற்காக வெதுவெதுப்பாகி மணிக்கணக்கில் கிடக்கவும் விடக் கூடாது. சூடாக இருக்கும்போதே மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கெளுத்தி (அலபாமா)

அக்காவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் திறக்காத டின்னுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. போன வருடம் எங்கள் படகு மோட்டார் நின்று, இருட்டும்வரை நடு ஏரியில் உட்கார்ந்திருந்தோம். சமைத்துக் கொண்டுபோனது எல்லாம் பன்னிரண்டு மணிக்கே காலி. அன்றைக்கு இரவு நான்கு பேருக்கு இரண்டு டின் வியன்னா. பதினான்கு துண்டு, நான்கு பேர், கணக்கு சரிவராது. அதைப் பங்கு போட்ட கதை தனி இழைக்கு உரியது. கட்லட் மதியத்துக்கு, டின் ஆபத்துக்கு. இரண்டும் வேண்டும்.

முருங்கைக்கீரை (மிசிசாகா)

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆபத்துக்கு இரண்டு டின் போதும். ஒரு பெட்டி நிறைய வேண்டாம். உப்பையும் பாருங்கள், ஸ்பாமில் 56 கிராம் துண்டு ஒன்றிலேயே சுமார் 800 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000க்குள் என்கிறது. உங்களில் எத்தனை பேர் பிரஷர் மாத்திரை போடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பனங்கிழங்கு (மார்க்கம்)

கேட்காமல் விட்டதற்கு நன்றி பிள்ளை.

தூண்டில்காரன் (ஸ்காபரோ)

போய் வந்தாயிற்று! காலையில் மைனஸ் 18. எல்லோருக்கும் நன்றி, கணக்கு ஒப்படைக்கிறேன்.

பெர்ச் மீன் இருபத்திமூன்று. அதில் பதினொன்று மாமா பிடித்தது. சைவத்துக்குத்தான் மீன் வசப்படுகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கட்லட் நாற்பது கொண்டுபோனோம். பத்தரை மணிக்கு ஃப்ளாஸ்கைத் திறந்தேன், பதினொன்றுக்குள் முடிந்துவிட்டது. பக்கத்து ஹட் வெள்ளைக்காரர் வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார், நான்கு கொடுத்தோம். பதிலுக்கு ஒரு பெரிய துண்டு வெனிசன் (மான் இறைச்சி) சாசேஜ் தந்தார். மான்கொம்பு அண்ணா, அது நன்றாக இருந்தது. பருத்தித்துறை வடை அடுத்து. புளியோதரை கடைசி வாய் வரை சூடு.

பொரிவிளாங்காய் விஷயத்தில் ஒரு சின்ன விபத்து. பையின் ஓரத்தில் இருந்து நன்றாகக் குளிர்ந்திருந்தது. மாமா ஒரே கடியாகக் கடிக்கப் போய், கட்டுப்பல் அதோடு வந்துவிட்டது. துளைக்குள் விழாமல் பெஞ்ச் மேல் விழுந்தது, அதுவரைக்கும் சனி பகவான் கருணை. அக்கா, அடுத்த தடவை கொஞ்சம் சின்னதாகப் பிடியுங்கள்.

டின் கதை: ஆய்வுக்கூடம் எழுதியதைப் படித்துவிட்டும் மக்கரல் டின் இரண்டை வெள்ளி இரவு காரின் பின்னால் மறந்துவிட்டேன். காலையில் இரண்டும் உப்பியிருந்தன. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒன்றின் மடிப்பிலிருந்து அடுத்த நாள் சாறு கசிந்தது, எறிந்துவிட்டேன். மற்றது பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் மனைவி அதையும் எறியச் சொல்கிறார். எறிந்துவிடுவேன்.

ஸ்பாம் திறக்கவே இல்லை. வியன்னா ஒரு டின் திறந்தோம். கெளுத்தி அண்ணா சொன்ன மாதிரி ஏழுதான், நடுவில் உள்ளதைக் குத்தி எடுத்தால் மற்றவை தானாக வருகின்றன. எடுத்த பிறகு அந்த ஏழையும் யார் சாப்பிடுவது என்பதில்தான் தாமதம். கடைசியில் அதில் நான்கு துண்டு பெர்ச்சுக்கு இரையாகப் போனது. பெர்ச்சும் தொடவில்லை.

கெளுத்தி (அலபாமா)

ஹாட் சாஸ் இல்லாமல் திறந்திருப்பீர்கள். இனி உங்களோடு பேச ஒன்றும் இல்லை.

பனங்கிழங்கு (மார்க்கம்)

அடுத்த முறை எனக்கும் ஓர் இடம் வையுங்கோ தம்பி. புழுக்கொடியல் என் பொறுப்பு. எனக்கு இருப்பது சொந்தப் பல்தான்.